வாயில மருந்து வச்சிருக்கு

உக்காருங்க சார், இப்ப உள்ள போக முடியாது. வாயில மருந்து வச்சிருக்கு. பேசக் கூடாது, முழுங்கக் கூடாது, இன்னும் இருவது நிமிஷம் அப்படியே சாஞ்சு கெடக்கணும். நீங்க போய் நின்னா அவங்க ஏதாச்சும் சொல்ல வாயத் திறப்பாங்க, மருந்து வழிஞ்சிடும், டாக்டரம்மா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஐயோ, அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க, காத்தும் நல்லா வரும்.

தெரியும் சார், அரை மணி நேரம்னுதான் சொன்னோம். நடுவுல நீங்க சிகரெட்டுக்குக் கீழ போயிட்டு வந்தீங்கல்ல, அப்பதான் ஆரம்பிச்சாங்க.

இல்ல இல்ல, பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. மாத்திரைப் புண்ணுதானே? நீங்க சொன்னதைத்தான் நானும் அட்டையில எழுதி வச்சிருக்கேன். பல்லுவலின்னு மாத்திரையை முழுங்காம பல்லு பக்கத்துல அடக்கிக்கிட்டாங்க, வெந்துபோச்சுன்னு. அது ஊர்ல பாதிப் பேர் பண்றதுதான். இருவத்திரண்டு வருஷமா உள்ள எச்சில் உறிஞ்சுற குழாயைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், நான் பாக்காத வாயா? போன மாசம் ஒரு லாரி டிரைவர் வந்தார். வலி தாங்காம ரெண்டு மாத்திரையைக் கன்னத்துல அடக்கிக்கிட்டு விடிய விடிய வண்டி ஓட்டியிருக்கார். கன்னத்தோட உள்பக்கம் நனைஞ்ச காகிதம் மாதிரி வெள்ளையா உரிஞ்சு வருது. அவர் என்னடான்னா, போலி மாத்திரையைக் குடுத்துட்டான்னு கடைக்காரனைத் திட்டிக்கிட்டு நிக்கிறார். வயித்துக்குப் போக வேண்டியதைக் கன்னத்துல குடி வச்சா அது என்ன பண்ணும், பாவம்.

சிரிக்க மாட்டேங்கிறீங்களே. சரி விடுங்க, பொண்டாட்டி உள்ள இருக்கிறப்ப யாருக்குச் சிரிப்பு வரும்.

அப்புறம் ஒரு தையல்காரம்மா வருவாங்க. குண்டூசியைக் கடிச்சுக் கடிச்சு முன்பல்லு நுனியில பள்ளமே விழுந்துடுச்சு, ஊசி போய் உக்கார்ற அளவுக்கு. பேட்டரி பட்டறையில வேலை செய்யிறவர் ஒருத்தர், ஆசிட் புகையிலயே முன்னாடி நாலு பல்லும் தேஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பரீட்சை வந்தா போதும், ஒரு காலேஜ் பொண்ணு கன்னத்தை உள்ளுக்குள்ளயே மென்னு மென்னு புண்ணாக்கிட்டு வரும். வாயைத் திறந்தா போதும் சார், ஆள் என்ன வேலை பாக்குறார், எப்படி இருக்கார்னு தெரிஞ்சுபோகும். டாக்டரம்மா அதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. நான் நின்னு நின்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

அவங்களா? அவங்க எதுவும் சொல்லலியே. வாயைத் திறந்ததோட சரி. அந்த எரிச்சல்ல என்னத்தப் பேசுறது. ஏன் கேக்குறீங்க?

சும்மாதானா. சரி.

சார், சார், கதவுகிட்ட போகாதீங்க! உள்ள எக்ஸ்ரே எடுக்கிறாங்க. மேல சிவப்பு விளக்கு எரியுது பாருங்க. அது எரியுறப்ப நானே உள்ள போக மாட்டேன்.

ஆமா, மருந்துதான் வச்சிருக்கு. மருந்து வாய்க்குள்ள, எக்ஸ்ரே வெளியில, தாடைக்கு. ரெண்டும் ஒண்ணா நடக்கும். சத்தமா? எக்ஸ்ரேக்கு ஏது சார் சத்தம். டாக்டரம்மாவும் வேலை பாக்குறப்ப அதிகம் பேச மாட்டாங்க, இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற எனக்கே உள்ள ஆள் இருக்காங்களா இல்லியான்னு தோணும். வாங்க, வந்து உக்காருங்க.

பாப்பாவைக் கூப்பிடணுமா? பள்ளிக்கூடம் மூணரைக்குத்தானே விடுவாங்க, இப்ப மூணு பத்துகூட ஆகல. வண்டியில போனா அஞ்சு நிமிஷம். கொஞ்சம் லேட்டானா டீச்சருங்க வெளியில விட்டுட மாட்டாங்க சார், உக்கார வச்சிருப்பாங்க. அதோட நீங்க இப்பக் கிளம்பிட்டா இந்தப் படிவத்துல யார் கையெழுத்துப் போடுறது? வீட்டு ஆள் கையெழுத்து இல்லாம டாக்டரம்மா அனுப்ப மாட்டாங்க, அவங்க அதுல ரொம்பக் கண்டிப்பு. ஆறே கேள்வி. முடிச்சுட்டுப் போங்க.

வயசு? முப்பத்தொண்ணு. சர்க்கரை இருக்கா? இல்ல. தினமும் சாப்பிடுற மாத்திரை ஏதாச்சும்? இல்ல. புண்ணு எப்ப வந்துச்சு? இன்னிக்குக் காலையில. அப்ப வீட்டுல யார் யார் இருந்தீங்க? அட, இது எல்லார்கிட்டயும் கேக்குறதுதான் சார், படிவத்துலயே அச்சடிச்சிருக்கு. நீங்க மட்டும். பாப்பா பள்ளிக்கூடம் போயிடுச்சு. சரி. எந்தப் பல்லு வலிச்சுது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வலது பக்கம், கீழ. கடைசிப் பல்லா, அதுக்கு முந்தினதா? கடைசி. எழுதிக்கிட்டேன். இங்க ஒரு கையெழுத்து. அழுத்திப் போடுங்க. தேதியும் நேரமும் போட்டுடுங்க.

தண்ணி குடிக்கிறீங்களா? நானும் ஒரு மடக்குக் குடிச்சுக்கிறேன்.

ஒரு நிமிஷம். போன்.

சொல்லுங்கம்மா. ம். ரெண்டு பேருமேவா? நல்லா இருக்காங்களா? ம். இங்கதான், எதிர்ல உக்காந்திருக்கார். இல்லம்மா, நான் பாத்துக்கிறேன். வச்சிடறேன்.

யாரா? சொல்றேன். உக்காருங்க. இல்ல, நின்னுக்கிட்டே கேக்குறதுன்னாலும் சரி.

சார், அந்த வலது கீழ்க் கடைசிப் பல்லு அவங்களுக்கு இல்ல. போன வருஷம் இங்கதான் எடுத்தோம். தட்டை நீட்டுனது நான். இல்லாத பல்லு எப்படி வலிக்கும்? நீங்கதான் அன்னிக்கும் கூட்டிட்டு வந்தீங்க. எந்தப் பக்கம்னு உங்களுக்கு ஞாபகம் இல்ல, அவ்வளவுதான்.

மாத்திரை வச்சா, வச்ச எடத்துலதான் வேகும். இவங்களுக்கு ரெண்டு உதட்டோட உள்பக்கமும் வெந்திருக்கு, நாக்கு வெந்திருக்கு, மேலண்ணம் வெந்திருக்கு. மேல் உதட்டுக்கு நடுவுல, உள்பக்கம், ஈறோட புடிச்சுக்கிட்டு சின்னதா ஒரு சவ்வு இருக்கும். நாக்கால தொட்டுப் பாருங்க, தட்டுப்படும். அது அவங்களுக்குக் கிழிஞ்சிருக்கு. உள்ளங்கையை வச்சு வாயை அழுத்திப் பொத்துனா அது கிழியும். கீழ விழுந்தாலும் கிழியும், சரி. ஆனா விழுந்தா நாக்கு வேகாது சார்.

அப்புறம் அந்த வாசனை. துணி வெளுக்கிற தண்ணி. பல்லு வேரைக் கழுவ நாங்களும் அந்த ஜாதி மருந்தைத்தான் வச்சிருக்கோம். தண்ணி கலந்து, பல்லைச் சுத்தி ரப்பர் துணி மாட்டி, ஒரு சொட்டு உதட்டுல பட்டுடுமோன்னு பயந்து பயந்து விடுவோம். வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும் என் கையில போகாத வாசனை அது. அவங்க வாய்கிட்ட குனிஞ்சதுமே எனக்கு வந்துடுச்சு. அவங்க போட்டிருந்த நீல நிறச் சட்டை, கழுத்துகிட்ட சொட்டுச் சொட்டா நிறம் போயி வெள்ளையா இருக்கு. அதை மறைக்கத்தான் இந்த வெயில்ல கழுத்தைச் சுத்தித் துணி போட்டுக் கூட்டிட்டு வந்தீங்க.

எதுவும் சொல்லலன்னு சொன்னேனே, அது பொய். பேச முடியல, ஆனா எழுதிக் காட்டினாங்க. அட்டைக்குப் பின்னால. அண்ணன்கிட்ட போன்ல பேசுனதுக்கு, பேசுற வாயைக் கழுவணும்னு நீங்க சொன்னீங்களாம். எழுத்து கோணல்மாணலா இருந்துச்சு, நான்தான் ரெண்டு தடவை படிச்சு டாக்டரம்மாவுக்குச் சொன்னேன்.

நீங்க கையெழுத்துப் போட்ட படிவத்தை ஏன் சார் பிடுங்குறீங்க? கிழிங்க, பரவால்ல. அதுக்குத்தான் கீழ கார்பன் வச்சு எழுதினேன்.

கத்தாதீங்க. கத்துனா கீழ மருந்துக்கடைக்காரர் மேல வருவார், அவர்கிட்ட சொல்லி வச்சிட்டுதான் உக்காந்திருக்கேன். நான் பயப்படலன்னு நெனைக்காதீங்க. ஆனா போன வருஷம் பயமே இல்லாம ஒண்ணு பண்ணினேன், அது இதை விட மோசம். அன்னிக்கு அந்தப் பல்லு சொத்தையாகி வரல, ரெண்டா உடைஞ்சு வந்துச்சு. குளியலறையில வழுக்கிட்டாங்கன்னீங்க. ஊசி போட்டு மரத்துப்போற வரைக்கும் அவங்க என் மணிக்கட்டைப் புடிச்ச பிடியை விடல. என்னமோ சொல்ல வந்தாங்க. வெளியில அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருந்தார். நான் அவங்க விரலை ஒவ்வொண்ணா எடுத்து விட்டுட்டு, பஞ்சைக் கடிச்சுக்குங்கம்மான்னு சொல்லிட்டு உங்களைக் கூப்பிட்டேன். நீங்க எனக்கு நன்றி சொன்னீங்க. வீட்டுல போய், ரொம்ப நல்ல மனுஷன்னு என் பொண்ணுகிட்ட சொன்னேன் சார்.

உள்ள போகணுமா? போங்க, கதவு தாப்பாள் போடல. நீங்க கீழ சிகரெட்டைப் பத்த வச்சப்பவே டாக்டரம்மா பின்படி வழியா அவங்களைத் தன் வண்டியில கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாப்பாவை அவங்க அண்ணன் பள்ளிக்கூடம் விடுறதுக்கு முன்னாடியே வந்து அழைச்சுக்கிட்டார், பாப்பாவோட அம்மாவே டீச்சருக்குச் செய்தி அனுப்பியிருந்தாங்க. தாயும் பிள்ளையும் ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பத்திரமா வந்து சேர்ந்தாச்சுன்னு சொல்லத்தான் டாக்டரம்மா இப்ப போன் பண்ணினாங்க.

முக்கால் மணி நேரமா இங்க நீங்களும் நானும் மட்டும்தான் சார்.