நாற்பத்து மூன்றாவது கை

— இன்னொரு தடவை எண்ணுங்க டாக்டரம்மா. எண்ணிக்கை தப்பியிருக்கும்.

— மூணு தடவை எண்ணியாச்சு சாவிக்காரரே. முன்னாடி கும்பிடுற கை ரெண்டு, பக்கத்துக்கு இருபதா நாற்பது. போதிசத்துவர் அவலோகிதருக்கு இருக்க வேண்டிய நாற்பத்திரண்டும் இந்தச் சிலை உடம்புல இருக்கு. நீங்க ஏந்திக்கிட்டு நிக்கிறீங்களே, இது யாரோட கை?

— அதாவது... சிலை வந்த பெட்டியைக் கழிச்சுப் போடலாம்னு ஸ்டோர்ல கிளறினேன். வைக்கோலுக்கு அடியில பார்த்தா, கை.

— ஆறு மாசமா கிடைக்காத கை, நான் ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் மத்தியானம் கிடைக்குது. நல்ல நேரம்தான்.

— தேடிப்போன மூலிகை கால்ல சிக்கின மாதிரின்னு சொல்லுவாங்களே.

— மூலிகைல கொஞ்சம் மண்ணாவது ஒட்டியிருக்கும். இதுல ஒரு தூசி இல்ல. பஞ்சு வேற சுத்தியிருக்கு. வைக்கோலுக்கு அடியில பஞ்சு சுத்தி வச்சது யாரு, எலியா?

— உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். கிடைச்சதே பெருசுன்னு நினைங்க. அதாவது, இனிமே நீங்க செதுக்கி ஒட்டின புதுக் கையைக் கழட்டணும், இந்தப் பழைய கையை ஒட்டணும். ரெண்டு மாசமாவது ஆகாது?

— ஆகும்னு வச்சுக்குவோம். எங்க அக்கா தினம் போன் பண்ணி, ஒரு பொம்மைக்கு வைத்தியம் பார்க்க எத்தனை நாள்டீன்னு திட்டுறா.

— அப்போ நாளைக்கு ரயில்ல போக முடியாதே. ஐயோ பாவம்.

— பாவம்னு சொல்றப்போ வாய் காது வரைக்கும் போகக் கூடாது. அவலோகிதர் பின்னந்தலையைப் பாருங்க. பதினோரு முகத்துல அது ஒண்ணுதான் வாய்விட்டுச் சிரிக்குது. உங்களைப் பார்த்துத்தான்.

— சிரிக்கிற மூஞ்சியை ஏன் சுவர்ப் பக்கமா வச்சான் அந்தச் சிற்பி? முன்னாடி இருந்தாத்தானே அழகு?

— நம்ம திருட்டுத்தனத்தை எல்லாம் பார்த்துச் சிரிக்கிற முகம் அது. முன்னாடி வச்சா யார் வந்து கும்பிடுவாங்க?

— இந்தப் பக்கம் மூணு மூஞ்சி முறைக்குதே. அதுவும் என்னையா?

— அது வெறும் கோபம் இல்ல. புள்ள கிணத்துப் பக்கம் ஓடினா அம்மா மூஞ்சி எப்படி ஆகும்? அந்த மாதிரி. கருணை மிஞ்சினா அப்படித்தான் முறைக்கும்.

— ஊர் படுற பாட்டைப் பார்த்துப் பார்த்து இவர் தலையே வெடிச்சுப்போச்சுன்னு ஒரு நாள் சொன்னீங்களே.

— வெடிச்சதுக்கு அப்புறம்தான் அமிதாப புத்தர் பதினோரு தலையும் ஆயிரம் கையும் குடுத்தார்னு கதை. சிற்பி ஆயிரத்துக்கு எங்க போவான்? நாற்பது செதுக்கி, ஒவ்வொரு கையும் இருபத்தஞ்சு உலகத்தைக் காப்பாத்தும்னு கணக்கை நேர் பண்ணிட்டான். உள்ளங்கைக்கு ஒரு கண்ணு. யாரு எங்க தவிக்கிறாங்கன்னு கைக்கே தெரியணும்ல.

— எனக்கு இருக்கிறது ஒரு தலை. அதுவும் இன்னைக்கு வெடிச்சுடும் போல இருக்கு.

— ஏன், சாவிக்கொத்து கனக்குதா?

— கிண்டல் பண்ணாதீங்க டாக்டரம்மா.

— சரி, பண்ணல. இந்தக் கை என்ன பிடிச்சிருக்குன்னு பார்த்தீங்களா?

— குச்சி மாதிரி ஏதோ.

— அம்பு. யாரையும் அடிக்கிறதுக்கு இல்ல. வியாதிக்கு ஒரு கை, பயத்துக்கு ஒரு கைன்னு இருக்கிற மாதிரி, நல்ல துணை சீக்கிரம் வந்து சேரணும்னு வேண்டிக்கிறவங்களுக்கான கை இது. நாற்பது கை இருக்க, இதையா கொண்டுபோய்ப் பூட்டி வைக்கணும்?

— பூட்டினது... நான்னு எப்படித் தெரியும்?

— இந்த மியூசியத்துல சாவி வேற யார்கிட்ட இருக்கு?

— இனி மறைச்சு என்ன ஆகப்போகுது. நீங்க வந்த ரெண்டாவது வாரமே கிடைச்சுது. கை இல்லேன்னா புதுசா செதுக்கணும், மூணு நாலு மாசம் கூட ஆகும்னு அன்னைக்குக் காலையிலதான் சொல்லியிருந்தீங்க. இந்த ரூம்ல உங்க உளிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும்னு தோணுச்சு. என் அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு ஆணியைக்கூட இடம் மாத்தி வச்சவன் இல்ல நான்.

— இன்னைக்கு எதுக்கு எடுத்தீங்க?

— நாளைக்கு இந்த ரூமைத் திறந்தா நீங்க இருக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். சொல்லணும்னு வாயைத் திறந்தா, ரயில் எத்தனை மணிக்குன்னுதான் கேட்க வருது. அதான் கையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். ஆபீசுக்கு எழுதிப் போடுங்க. என்னை என்ன பண்ணினாலும் சரி. மனசுல இருக்கிறதைச் சொல்லிட்டேன்.

— எங்க சொன்னீங்க? அலமாரியைப் பத்தித்தான் சொன்னீங்க.

— போகாதீங்க.

— இந்த ஒரு வார்த்தைக்கு ஆறு மாசமா, ஐம்பது வயசு மனுஷனுக்கு? சரி, அந்தக் கையைத் திருப்புங்க. மணிக்கட்டுல ஒட்டுற இடத்தைப் பாருங்க. மரம் என்ன நிறம்?

— வெளுப்பா இருக்கு. பழைய மரம் மாதிரி தெரியலையே.

— பழசு இல்ல. நான் செதுக்கினது. தங்கச்சி வீடு மாறுறான்னு ஒரு வாரம் லீவுல போனீங்களே, சாவிக்கொத்தை என்கிட்டதானே குடுத்துட்டுப் போனீங்க? பஞ்சு வேணும்னு அலமாரியைத் திறந்தேன். உள்ள அவரோட கை. அதை எடுத்து அவருக்கே ஒட்டிட்டு, என்னோடதை உங்க பஞ்சுக்குள்ள சுத்தி வச்சுட்டேன்.

— அடக் கடவுளே. அதுக்கா தினம் தூசி தட்டினேன்? நில்லுங்க, நில்லுங்க. அதாவது, நான் லீவுல போய்ட்டு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. அப்பவே ஒட்டியாச்சுன்னா வேலை அப்பவே முடிஞ்சுபோச்சே? ஒட்டின இடத்துல பூசின அரக்கு காயல, இன்னும் காயலன்னு ஆபீசுக்கு வாரா வாரம் எழுதிக்கிட்டு இங்கேயே உட்கார்ந்திருந்தீங்களே?

— அரக்கு காய நாலு நாள் போதும் சாவிக்காரரே.