ஒன்பது நகங்கள்

குளிர் அடித்தால் என் இடது கை நடுவிரல் வலிக்கும். முழுக் கையும் இல்லை, அந்த ஒரு விரல் மட்டும். நகத்துக்கு அடியில், எலும்பைத் தொட்டுக்கொண்டு வலிக்கும். காலையில் நான் நகம் பார்க்கிற பியூட்டி பார்லர் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக எண்ணெயைச் சூடு பண்ணுவேன். ஆட்கள் வருவதற்குள் அந்த விரலைக் கிண்ணத்தில் பத்து நிமிடம் விட்டு வைப்பேன். பிறகு அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவேன். ஒருத்தர் கை பட்ட எண்ணெயில் இன்னொருத்தர் கையை நான் வைக்க விட்டதே இல்லை. பத்தொன்பது வருடமாக இதுதான் வழக்கம். என் வேலையில் நான் சுத்தம் என்பது உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

நேற்று நீங்கள் கடைக்கு வந்து, உங்கள் அம்மா எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "அம்மா கட்டைவிரல் நகத்துல இருந்த அந்தக் கறுப்புக் கோடு உங்க கண்ணுல பட்டதே இல்லையா?"

"இல்லம்மா. நெயில் பாலிஷ் கலருக்கு அடியில இருந்திருக்கும். தெரியலயே" என்றேன்.

நீங்கள் தலையாட்டிவிட்டு எழுந்தீர்கள். போகிற போக்கில், வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்று சொன்னீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதை மட்டும் நீங்கள் சொல்லாமல் போயிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் அம்மா நாலு வருடத்துக்கு முன்னால் வந்தார். பத்து நகமும் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருந்தது. நுனியில் துணி பட்டால் இழுத்துக்கொண்டு போகும். "இதுக்கு ஏதாவது வழி உண்டா, இல்ல இப்படியே உரிஞ்சு உரிஞ்சு நான் காணாம போயிடுவேனா?" என்று கேட்டார். முதலாளியம்மா என் மேசையைக் காட்டினார்.

எண்ணெய் வைத்தியத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பாதாம் எண்ணெயைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெந்நீருக்குள் இறக்கி வைக்க வேண்டும். நேராக அடுப்பில் வைத்தால் எண்ணெய் கெட்டுப்போகும். மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது மாதிரி. விரல்களை அதில் பதினைந்து நிமிடம் ஊற வைத்து, நகத்தைச் சுற்றி உள்ள தோலை மெதுவாகத் தேய்த்துவிட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விடாமல் செய்தால் ஆறு மாதத்தில் புது நகம் வந்துவிடும். பொறுமை உள்ளவர்களுக்குத்தான் இது பலிக்கும். உங்கள் அம்மாவுக்குப் பொறுமை இருந்தது. வியாழக்கிழமை மதியம் மூன்று மணி என்றால் மூன்று மணிதான்.

முதல் நாள் நான் அவர் கையைப் பிடிப்பதற்கு முன்னால் அவர் என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "விரல் நல்லா இருக்கே" என்றார். எங்கள் கையைப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். சமைக்கிறவள் எலும்பும் தோலுமாக இருந்தால் சாப்பாட்டை யார் நம்புவார்கள்? அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். "மேடம்னு கூப்பிடாதே, அக்கான்னு கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன்.

கடையில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். முடி வெட்டுகிறவளை நாங்கள் 'கத்தரி' என்போம். அவள் வாயும் அப்படித்தான். ஒரு நாள், "அக்கா, இன்னும் ரெண்டு வாரம் ஊறினீங்கன்னா உங்களை ஜாடியில போட்டு ஊறுகான்னு மூடி வச்சிடலாம்" என்றாள். "மூடிக்கோடி. உப்பை மட்டும் கம்மியா போடு, எனக்கு பிரஷர் இருக்கு" என்றார் உங்கள் அம்மா. நானும் சிரித்தேன். என் சிரிப்பு பொய் இல்லை. அந்த நேரத்தில் எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு பழக்கம் அவருக்கு இருந்தது. பழைய கலரை நான் அழிக்கத் தொடங்கியதும் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். "பாக்கச் சகிக்கல. முடிச்சிட்டுச் சொல்லு" என்பார். எண்ணெய், தேய்ப்பு, திரும்பக் கலர், எல்லாம் முடிந்து நான் "ஆச்சுக்கா" என்ற பிறகுதான் கண்ணைத் திறப்பார். வீட்டில் நீங்களும் அந்த நகங்களைக் கலர் இல்லாமல் பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கே வரத் தொடங்கிய பிறகு அவரே பார்த்ததில்லை. அதற்கப்புறம் இந்த உலகத்தில் அவற்றை வெறுமையாகப் பார்த்த ஒரே ஆள் நான்.

அவர் யார் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். குரலை வைத்து இல்லை. இரண்டு கையையும் மேசை மேல் கவிழ்த்து விரலை அகட்டி வைத்தார் பாருங்கள், அதை வைத்து. அப்படிக் கையை நீட்டிக் காட்ட எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருடம் நான் லாண்டரியில் இருந்தேன். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு எல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். பிளீச்சிங் தண்ணீரில் கை ஊறி ஊறி எங்கள் நகம் எல்லாம் பிளந்துபோயிருக்கும். ஒரு விரிப்பில் ஒரு சொட்டு ரத்தம் பட்டால் அந்தத் துணிக்கட்டு முழுவதையும் மறுபடி வெளுக்க வேண்டும். அதனால் காலையில் நாற்பது பெண்கள் வரிசையாக நின்று கையை நீட்ட வேண்டும். உங்கள் அம்மா சூப்பர்வைசர். முகத்தைப் பார்க்க மாட்டார். கையை மட்டும் பார்த்துக்கொண்டே வருவார். 'பூதக்கண்ணாடி' என்று பேர் வைத்திருந்தோம்.

ஒரு நாள் என் நடுவிரல் வீங்கியிருந்தது. துணி சுற்றி, பக்கத்தில் நின்றவள் முந்தானைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். உங்கள் அம்மா கையை இழுத்தார், துணியைப் பிரித்தார், முகர்ந்து பார்த்தார். முகர்ந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்த விரலை டாக்டர்கிட்ட காட்டு. காட்டாம இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார்.

மூன்று வாரம் வேலை இல்லை. என் பையனுக்கு அப்போது இரண்டு வயது. அவன் அப்பா எங்கே என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. அண்ணன் வீட்டு வாசலில் பாத்திரத்தோடு போய் நின்றேன். அண்ணி கதவைப் பாதி திறந்துகொண்டு, "வீங்கினது ஒரு விரல். அதுக்கு நாங்க எத்தனை பேர் பட்டினி கிடக்கணும்?" என்று கேட்டாள். சோறு போட்டாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். திரும்பி லாண்டரிக்குப் போனபோது, துணி மடிக்கும் மேசையில் என் இடத்தில் வேறு ஒருத்தி இருந்தாள். ஈரம் படாத ஒரே இடம் அதுதான். என்னைத் தொட்டிக்கு அனுப்பினார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் நான் பழி வாங்கினேன் என்று நினைத்துவிட வேண்டாம். பழி வாங்குகிறவர்கள் ஏதாவது செய்வார்கள். நான் எதுவும் செய்யவில்லை. ஒன்றுக்காக மட்டும் காத்திருந்தேன். "நீ அந்தப் பொண்ணுதானே?" என்று ஒரு நாள் அவர் கேட்பார் என்று. கேட்டால் போதும். நாற்பது கையைப் பார்த்தவர் ஒரு முகத்தையாவது பார்த்திருப்பார் அல்லவா? ஒவ்வொரு வியாழனும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசினார், சிரித்தார், உங்கள் பரீட்சை, உங்கள் கல்யாணம், உங்கள் வீட்டுக்காரர் குறட்டை, எல்லாம் சொன்னார். அதை மட்டும் கேட்கவில்லை.

மூன்றாவது வருடத்தில் அந்தக் கோடு வந்தது. வலது கட்டைவிரலில், பென்சிலால் கிழித்த மாதிரி, நகத்தின் அடியிலிருந்து நுனி வரைக்கும். நகத்தில் கறுப்புக் கோடு பல பேருக்கு வரும். வந்துவிட்டு அப்படியே இருக்கும், ஒன்றும் செய்யாது. ஆனால் சிலது அகலமாகும். அகலமானால் அது புற்றுநோயாக இருக்கலாம், விட்டு வைக்கக் கூடாது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதற்கு முந்தின வருடம் ஒரு டீச்சருக்கு அதே மாதிரி வந்தது. நான்தான் பார்த்துச் சொன்னேன். போய்க் காட்டினார். சின்னதாக வெட்டி எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார். பழக்கூடையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் போன பிறகு முதலாளியம்மா, "நாம டாக்டர் இல்ல. இனிமே இதெல்லாம் சொல்லி ஆளுங்களைப் பயமுறுத்தாதே" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பின்னால் ரொம்ப உதவியாக இருந்தது.

முதல் வாரம் பேசாமல் இருந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன். இரண்டு மாதத்தில் கோடு அரிசி மணி அகலம் ஆனது. அதுவரைக்கும் அவருக்கு வெளிறிய ரோஸ் நிறம் போட்டுக்கொண்டிருந்தேன். "உங்க நிறத்துக்கு அடர் சிவப்பு எடுப்பா இருக்கும்க்கா" என்றேன். இரண்டு பூச்சு போட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தவர், "அட, கல்யாணப் பொண்ணு கையாட்டம் இருக்கே" என்று சந்தோஷப்பட்டார்.

நகம் உரிகிறவர்கள் எண்ணெய் வைத்த பிறகு கலர் போடவே கூடாது. இரண்டு வாரமாவது வெறுமையாக விட வேண்டும். கடைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அவர் பார்க்கச் சகிக்காமல் கேட்டதால் முதலிலிருந்தே நான் போட்டுக்கொண்டிருந்தேன், அதனால்தான் ஆறு மாத வேலை வருடக்கணக்கில் இழுத்தது. ஒரு நாள் உங்கள் அம்மா அதைப் படித்துவிட்டு, "ஒரு மாசம் கலர் இல்லாம விட்டுப் பாக்கட்டுமா? கண்ணைத் திறந்து பாக்கவும் பழகிக்கணும்ல" என்று கேட்டார்.

"வேண்டாம்க்கா. இன்னும் ஆகலை. பாத்தா மனசு கஷ்டப்படுவீங்க" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றார்.

கறுப்பு நகத்தைத் தாண்டி ஓரத் தோலுக்கு வந்தபோது அவரே பார்த்துவிட்டார். "இது என்ன?" என்றார். "கலர் இறங்கியிருக்கு. ரெண்டு தடவை எண்ணெய் வச்சா போயிடும்" என்றேன். கடைசி இரண்டு மாதம் அந்த விரல் வலிக்கிறது என்றார். "கதவுல கிதவுல இடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "இடிச்சிருப்பேன்" என்றார். அந்த விரலை மட்டும் அழுத்தாமல், ரொம்ப மெதுவாகத் தேய்த்துவிட்டேன். அந்த அளவுக்கு அக்கறையாக வேறு யாரும் தேய்த்திருக்க மாட்டார்கள். மற்ற ஒன்பது நகங்களும் அதற்குள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. உரிதல் இல்லை, பிளவு இல்லை. இதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. அந்த ஒன்பதும் என் கைவேலை.

பிறகு மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டுவதற்காக நர்ஸ் கலரை அழித்திருக்கிறார். அப்போதுதான் எல்லாரும் பார்த்தீர்கள். அதற்குள் நுரையீரலுக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு ஏழு வாரம்தான் உயிரோடு இருந்தார் என்று நேற்று சொன்னீர்கள். அந்த ஏழு வியாழனும் மூன்று மணிக்கு எண்ணெயைச் சூடு பண்ணி வைத்திருந்தேன்.

இனி, வாசலில் நின்று நீங்கள் சொன்னது. "அம்மா கேக்கவே வேண்டாம்னாங்க. 'அவளைப் போய்ச் சந்தேகப்படாதே. என்கூட லாண்டரியில இருந்த பொண்ணு. அவ வேலை பாக்குறான்னு தெரிஞ்சுதான் அந்தக் கடைக்கே போனேன். அன்னைக்கு நான் அவ விரலைப் பாத்தேன், இப்ப அவ என் விரலைப் பாத்துக்கறா. கண்ணுல பட்டிருந்தா சொல்லாம இருப்பாளா?' அப்படின்னாங்க. நான்தான் மனசு கேக்காம வந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

நீங்கள் போன பிறகு கத்தரி என்னிடம் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று ஞாபகம் இல்லை.

நான் பார்த்தேன். கோடு வந்த முதல் நாளே பார்த்தேன். அது என்ன என்று தெரிந்து பார்த்தேன். அறுபத்து மூன்று வியாழன் பார்த்து, அறுபத்து மூன்று தடவை என் கையாலேயே மூடினேன். முதலாளியம்மா சொன்னதற்காக இல்லை.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. அன்றைக்கு உங்கள் அம்மா விரட்டினார் என்று டாக்டரிடம் போனேன் அல்லவா, அவர் விரலைக் கீறிச் சீழ் எடுத்துவிட்டு, "நாலு நாள் கழிச்சு வந்திருந்தா விரலையே எடுத்திருப்பேன். கையும் போயிருக்கலாம். நல்ல நேரத்துல அனுப்பியிருக்காங்க, யாரு அது?" என்று கேட்டார். "யாரும் அனுப்பல, நானாத்தான் வந்தேன்" என்றேன். இத்தனை வருடத்தில் அண்ணி கேட்டது தினமும் ஞாபகம் வரும். டாக்டர் சொன்னது நேற்றுத்தான் ஞாபகம் வந்தது.

குளிருக்கு வலிக்கிற இந்த விரல் என் கையில் இருப்பது உங்கள் அம்மா சொன்ன ஒரு வார்த்தையால். அதே வார்த்தையை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "அக்கா, இந்த விரலை டாக்டர்கிட்ட காட்டுங்க." நான் உங்கள் அம்மாவுக்குக் கடன்பட்டது அவ்வளவுதான். அது இன்னும் என்னிடமே இருக்கிறது.