ஸ்டோர் ரூம் மணி

சிங்கப்பூரில், பூன் லே போகும் ரயிலில் என் பக்கத்தில் ஸ்டோர் ரூமில் வேலை செய்யும் ஒருவர் இருந்தார். கூடவே அவர் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்.

"என் ஸ்கிரீனுக்கு மணி அடிக்கத் தெரியும்மா. ஆர்டர் வந்தா அடிக்கும். சிஸ்டம் மாத்தினதுலேர்ந்து அடிக்கல."

"ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் என்னென்ன செய்யத் தெரியும்னு ஒரு ஃபைல்ல எழுதியிருக்கும், அண்ணே. கம்ப்யூட்டர் அதைத்தான் நம்பும். உங்களோடதுக்கு மணின்னு எழுதாம விட்டுட்டாங்க."

"நீ எழுதிடேன்."

"ஆர்டர் ஸ்கிரீன்லயே தெரியுது லா. மணி எதுக்கு?"

அவர் ரயில் கதவைப் பார்த்தார்.

"அங்க நான் மட்டும்தான். நாள் முழுக்க என்னைக் கூப்பிடறது அது ஒண்ணுதான்."

அவள் போனில் குறித்துக்கொண்டாள். "நாளைக்கு எழுதிடுறேன்."

இறங்கும்போது அவர் கேட்டார்: "ரெண்டு தடவை அடிக்கும்னு எழுத முடியுமா?"