பிறந்தநாள் கட்டம்

– அந்த லேப்டாப்பை மூடு. மூடுன்னு சொல்றேன்ல? இன்னும் ஒரு பொத்தானை அமுக்கினேன்னா, அதைத் தூக்கிக் கீழ குடோன்ல கட்டிலோட கட்டிலா வீசிடுவேன்.

– அக்கா, ஒரு நிமிஷம். இதை மூடினா எதுவும் நிக்காது. மெசேஜ் அனுப்பற புரோகிராம் என் லேப்டாப்புல ஓடல, கிளவுட்ல, எங்கயோ இருக்கற சர்வர்ல ஓடுது. காலையில எட்டு அம்பதுக்கே நிறுத்திட்டேன்.

– எட்டரைக்கு அறுபத்தொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. எட்டு அம்பதுக்கு ஐயா நிறுத்தினாராம். மாலை வாங்கிட்டு வரவா? வாசி. என்ன அனுப்பினேன்னு உன் வாயாலயே வாசி.

– வேணாம் க்கா.

– வாசி தம்பி.

– “தாமதமான பிறந்தநாள் வாழ்த்துகள். இன்னும் பல்லாண்டு ஆரோக்கியமாக வாழ வேண்டுகிறோம். உங்களுக்காகவே கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மிஷின் வாடகையில் பதினைந்து சதவீதம் தள்ளுபடி.”

– அப்புறம்?

– அப்புறம் ஒண்ணும் இல்ல. பலூன் படம்.

– எத்தனை பலூன்?

– அஞ்சு.

– செத்துப்போனவங்க பேரைப் போட்டு, அவங்க வீட்டு நம்பருக்கு, அஞ்சு பலூன். பல்லாண்டு வாழ்க. கட்டில்ல தள்ளுபடி. என் சாமி, எந்தக் கையால இதைப் பண்ணினே?

– கையால எங்க க்கா பண்ணினேன்? அதான் பிரச்சினையே. ஒரு வரி கோடு எழுதல. பெட்டியை இழுத்து வெச்சு அம்பு போட்டேன், அவ்வளவுதான். உங்க சிஆர்எம்ல, அதான் வாடிக்கையாளர் பதிவேட்டுல, இருக்கற ஆளுங்க விவரம் எல்லாம் கிளவுட்ல இருக்கற டேட்டா கிடங்குக்குப் போகும். அங்க யாருக்குப் பிறந்தநாள்னு பார்க்கும், இன்னைக்கு முதல் தடவைங்கறதால போன ஒரு வருஷத்துல விட்டுப்போனது எல்லாத்தையும் சேர்த்து எடுத்துக்கும். மெசேஜ் போயிடும். லாஜிக்கா எல்லாம் சரி.

– லாஜிக்கா சரியா?

– லாஜிக்ல தப்பு இல்ல. பிறந்தநாள்னு எழுதியிருக்கற கட்டத்துல இறந்தநாளைப் போட்டது யாரு? நானா? அடுப்படியில வெச்ச டப்பாவுல சர்க்கரைன்னு எழுதி உப்பைக் கொட்டி வெச்சா, டீ போட்டவனைப் போய் அடிப்பீங்களா?

– அந்த டப்பாவைத் தொடறதுக்கு முன்னாடி வீட்டுக்காரியை ஒரு வார்த்தை கேட்டியா?

– மீட்டிங்ல கேட்டேன்! “எல்லாக் கட்டமும் சரியா நிரப்பியிருக்கா”ன்னு கேட்டேன். மேனேஜர் தலையை ஆட்டினார்.

– அவரு காத்தாடிக்கும் தலை ஆட்டுவாரு. நான் எங்க இருந்தேன் அந்த மீட்டிங்ல?

– நீங்க எங்கயோ கட்டில் எடுக்கப் போயிருந்தீங்க.

– எங்கயோ இல்ல. ஒரு வீட்டுல அஞ்சு மாசம் படுத்திருந்த அம்மா போயிட்டாங்க, அந்தக் கட்டிலைக் கழட்டப் போயிருந்தேன். நீ இங்க ஏசியில உக்காந்து அம்பு விட்டுட்டு இருந்தே.

– டெஸ்ட் பண்ணினேன் க்கா. பத்து பேருக்கு அனுப்பிப் பார்த்தேன். எல்லாரும் நன்றின்னு பதில் போட்டாங்க.

– யாரு அந்தப் பத்து பேரு?

– ஆஸ்பத்திரிகள்ல சாமான் வாங்கற ஆபீசருங்க.

– அவங்களுக்கு நிஜமாவே பிறந்தநாளைத்தான் எழுதி வெச்சிருக்கேன். கேக் கொண்டுபோய்க் கொடுக்கணும்ல. போன் அடிக்குது பாரு, மறுபடியும்.

– இது நாப்பதாவது. எடுக்கட்டுமா?

– வேணாம். எடுத்து என்ன சொல்லுவே? லாஜிக் சரின்னா? அடிச்சு ஓயட்டும். உன் திரையை இப்படித் திருப்பு.

– எதுக்கு?

– நான் உள்ள வரும்போது படக்குன்னு வேற பக்கத்துக்கு மாத்தினியே, அதைப் பார்க்கணும். திருப்பு.

– அது வந்து... மேனேஜர் பதினொரு மணிக்குள்ள ஒரு பேர் கேட்டிருக்கார். தலைமை ஆபீசுக்கு அனுப்பணுமாம். யார் தப்புன்னு, ஒரே ஒரு பேர்.

– அதுல யார் பேரு இருக்கு?

– அக்கா...

– எனக்குக் கண்ணாடி இல்லாமலே என் பேரு தெரியும்டா. நல்லா பெருசா அடிச்சிருக்கே. பதினோரு வருஷம். இந்த மாடிக்கு நீ வந்து எத்தனை மாசம் ஆகுது?

– அஞ்சரை. வேலை நிரந்தரம் ஆக இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. வீட்டுல அவளுக்கு இது ஏழாம் மாசம். இந்த வேலை போச்சுன்னா நான் யாரு முகத்துல முழிப்பேன்? சொல்லுங்க, நான் என்ன பண்ணணும்?

– பொய் எழுதக் கூடாது. அதுதான் பண்ணணும்.

– பொய்யே இல்லையே! பிறந்தநாள் கட்டத்துல தப்பான தேதியைப் போட்டது நீங்கதானே? ஏன் போட்டீங்க? இத்தனை கட்டம் இருக்கு, குறிப்புன்னு பெருசா ஒரு கட்டம் இருக்கு. அதுல போட்டிருக்கலாம்ல?

– குறிப்புல போட்டா அன்னைக்குக் காலையில மணி அடிச்சு எனக்கு ஞாபகப்படுத்துமா?

– படுத்தாது.

– இந்த சிஆர்எம்ல வருஷா வருஷம் மணி அடிக்கற கட்டம் ஒண்ணே ஒண்ணுதான். பிறந்தநாள். இறந்த தேதிக்கு ஒரு கட்டம் வேணும்னு மூணு வருஷத்துக்கு முன்னாடி தலைமை ஆபீசுக்கு எழுதினேன். என்ன பதில் வந்துச்சு தெரியுமா? “இறந்தவர்களிடம் விற்பனை வாய்ப்பு இல்லை.” இன்னும் வெச்சிருக்கேன் அந்த லெட்டரை.

– சரி, ஞாபகப்படுத்தி என்ன பண்ணுவீங்க?

– போன் பண்ணுவேன்.

– எதுக்கு?

– எதுக்கா? இன்னைக்கு உங்க வீட்டுல என்ன நாள்னு எனக்கு ஞாபகம் இருக்குன்னு சொல்ல.

– அறுபத்தொரு வீட்டுக்கும்?

– வருஷத்துல அறுபத்தொரு நாள். ஒரு நாளைக்கு ஒண்ணு, எப்பவாவது ரெண்டு. ரெண்டு நிமிஷம் பேசுவேன். ஒண்ணும் விக்க மாட்டேன். இது என்ன மலையைப் புரட்டற வேலையா?

– யாரு உங்களைப் பண்ணச் சொன்னா?

– யாரும் சொல்லல. ஒரு வீட்டுல கட்டிலைத் திருப்பி எடுத்தப்போ, அந்தத் தலைமாட்டை ஏத்தி இறக்கற கைப்பிடி காணோம். நம்ம குடோன்காரர் ஒரு வருஷம் கழிச்சுக் கணக்குப் பார்த்து என்னைத் திட்டினார். நான் அந்த வீட்டுக்கு போன் போட்டு, “ஏங்க, கைப்பிடி எங்க”ன்னு காட்டமா கேட்டேன். எதிர்ல அந்தம்மா அழறாங்க. நான் பதறிட்டேன். கைப்பிடிக்காக யாராவது அழுவாங்களா? அப்புறம்தான் சொல்றாங்க, “அவரு போய் இன்னையோட ஒரு வருஷம். காலையில இருந்து யாராவது கூப்பிடுவாங்களான்னு போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீங்க ஒருத்தர்தான் கூப்பிட்டீங்க.”

– அய்யோ.

– கைப்பிடி கேட்கக் கூப்பிட்டவளுக்கு நன்றி சொன்னாங்கடா. கேட்டியா? எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. கடவுள் என் தலையில ஒரு குட்டு வெச்ச மாதிரி இருந்துச்சு. அன்னையில இருந்து போடறேன், இந்தக் கட்டத்துல. அவங்க தேதிதான் முதல் தேதி.

– அவங்களுக்கும் இன்னைக்குப் பலூன் போயிருக்கு.

– போயிருக்கு. அதனாலதான் இந்தக் கத்து கத்தறேன். உன் மேல எனக்கென்ன பகையா? மறுபடி அடிக்குது. நாப்பத்தொண்ணா?

– நாப்பத்தி ரெண்டு. அக்கா, ஒரு யோசனை. இப்பவே ஒரு மன்னிப்பு மெசேஜ் ரெடி பண்ணிடறேன். அதே அறுபத்தொரு நம்பர். ஒரு பெட்டி, ஒரு அம்பு. ரெண்டு நிமிஷத்துல எல்லாருக்கும்...

– அடிச்சேன்னா பாரு! மிதிச்ச கால்லயே மறுபடி மிதிப்பியா? அன்புள்ள வாடிக்கையாளரே, உங்க வீட்டு சாவுல பலூன் விட்டதுக்கு வருந்துகிறோம்னா? அதுக்கும் தள்ளுபடி உண்டா? பத்தா, இருபதா?

– பின்ன என்னதான் பண்றது?

– ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, திட்டறதைக் காது கொடுத்துக் கேக்கணும். வேற வழி கிடையாது.

– அப்ப ஏன் வர்ற போனை எடுக்க மாட்டேங்கறீங்க? உங்க செல்லையும் அணைச்சு வெச்சிருக்கீங்க. காலையில இருந்து என்னை மட்டும்தான் திட்டறீங்க.

– பயமா இருக்குடா. பதினோரு வருஷத்துல முதல் தடவையா போனை எடுக்க பயமா இருக்கு. என்னை நம்பித்தானே அந்தத் தேதியைச் சொன்னாங்க? “எங்க துக்கத்தை வெச்சு வியாபாரம் பண்றியா”ன்னு ஒருத்தர் கேட்டுட்டா, நான் அப்புறம் யாருக்கு போன் பண்ணுவேன்? வேலை போனா வேற வேலை. இது போச்சுன்னா?

– தண்ணி குடிங்க. இந்தாங்க.

– என்னத்தை அழிச்சிட்டிருக்கே?

– உங்க பேரை.

– அழிச்சிட்டு?

– என் பேரைப் போடறேன். அம்பு விட்டது நான்தானே. கேக்காம விட்டேன்.

– அட முட்டாளே. வீட்டுல ஏழாம் மாசம்ன்னே இப்பத்தான். ரெண்டு பேர் பேரையும் போடு.

– ஒரே கட்டம்தான் க்கா இருக்கு. ஒரு பேருக்குத்தான் இடம்.

– ஒரு கட்டத்துல அதுக்கு உரியதில்லாததைப் போடறதுக்கு நான் சொல்லித் தரேன். நெருக்கி அடி. உன் பேரு சின்னதுதான்.

– அடிச்சாச்சு. ரெண்டும் உள்ள போயிடுச்சு.

– அனுப்பு.

– அனுப்பியாச்சு. போச்சு, போன் மறுபடி. நாப்பத்தி மூணு. நான் எடுக்கறேன் க்கா.

– வேணாம்டா, உனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் இல்ல.

– காலையில இருந்து பழகிட்டுத்தானே இருக்கேன்? ஸ்பீக்கர்ல போடறேன், நீங்க பேச வேணாம். பக்கத்துல மட்டும் இருங்க. வணக்கம் சார், சொல்லுங்க.

– என்னத்தைச் சொல்றது? எத்தனை தடவைய்யா கூப்பிடறது? விரலே தேஞ்சு போச்சு. யாரு நீ?

– நான் இங்க ஆபீஸ்ல... புதுசு சார். உங்களுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அது வந்து...

– வந்துச்சு. பலூன் வந்துச்சு. என் பொண்டாட்டிக்குப் பல்லாண்டு வாழ்கன்னு வந்துச்சு. நான் தையல்கடை வெச்சிருக்கவன், மூணாவது மாடி, லிஃப்ட் இல்லாத வீடு. அவளுக்காக உங்க ஆபீஸ் அம்மாவும் இன்னொரு ஆளும் கட்டிலைத் தோள்ல தூக்கி ஏத்தினாங்க. அந்தம்மா எங்க?

– சார், தப்பு அவங்க மேல இல்ல. நான்தான்...

– அதைக் கேக்கலய்யா நான்! மெசேஜ் கிடக்குது, குப்பை. அவங்க செல்லுக்குப் போட்டேன், அணைச்சு வெச்சிருக்கு. இந்த நம்பருக்கு எப்பப் போட்டாலும் ரெண்டாவது மணியில எடுப்பாங்க. இன்னைக்கு நீ எடுக்கறே. புதுசுன்றே. எங்க அந்தம்மா?

– சார், அவங்க இங்க...

– போன மாசம் கூப்பிட்டப்போ இருமிக்கிட்டே பேசினாங்க. டாக்டரைப் பாருங்கம்மான்னு சொன்னேன், சிரிச்சாங்க. கீழ் வீட்டு டீச்சருக்கும் பலூன் வந்திருக்கு, அவங்களும் அழுதுக்கிட்டு நிக்கறாங்க பக்கத்துல. எங்களுக்குத் தெரியும்யா. அவங்க உயிரோட இருந்தா இப்படி ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்திருக்காது.

– அய்யா, ஒரு நிமிஷம், நான் சொல்றதை...

– மறைக்காதே தம்பி, பெரியவன் கேக்கறேன். என்னைக்குப் போனாங்க? தேதியை மட்டும் சொல்லு. வருஷா வருஷம் அன்னைக்கு அவங்க வீட்டுக்கு நாங்க போன் பண்ணணும்.