பின்னால் ஓர் இருக்கை

மாலை ஆறேகால். வண்ணாத்திவில்லு தாண்டி, காட்டோரமாக ஒரு கிறவல் பாதை போகிறது. மருந்துக்கும் ஒரு வீடு கிடையாது. அந்தப் பாதையில் ஒரு ட்ரக்டர் தனியாக வந்துகொண்டிருந்தது.

கிட்ட வந்து இருங்கள். இது நம் கிரிசாந்தின் சொந்தப் பெரியப்பாவுக்கு நடந்தது. முந்தின வருஷம்.

பெரியப்பாவின் பெயர் மரியநாயகம். மன்னார்ப் பக்கத்தில் இருந்து சண்டைக்குப் பயந்து ஓடி வந்து, இங்கேயே காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டவர். அன்று மதுரங்குளியில், நௌஃபரின் பழைய இரும்புக் கடையில் ஒரு சாமான் எடுத்து, ட்ரக்டருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு வந்தார். கடைப் பொடியன்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. துருவைச் சுரண்டிப் பார்த்து அவர்தான் கண்டுபிடித்தார். களை வெட்டுகிற சாமான். குறுக்கே ஒரு நீட்டு இரும்பு, அதில் தாரா வாத்தின் பாதம் போல ஆறு தகடுகள், இரண்டிரண்டாக. பயிர் நடுவால் தப்பிப் போகும். இரண்டு பக்கத்துக் களையும் அறுபடும். பின்னால், வில் வைத்த ஓர் இரும்பு இருக்கை. அதற்கு முன்னே ஒரு கைபிடி.

நௌஃபர் அந்த இருக்கையைத் தட்டிக் காட்டினான். "இது ஒராள் ஓட்டுற சாமான் இல்ல அண்ணன். பின்னுக்கு ஒருத்தர் குந்தி இரிந்து தகட்டத் திருப்போணும். இல்லாட்டிப் பயிரையும் சேத்து அறுத்துரும்."

"அதுக்குத்தானே தகட்டைப் பூட்டுற ஆணி இருக்கு. குத்திவிட்டா திரும்பாது," என்றார் பெரியப்பா.

பாதையில் இருட்டுப் பட்டதும் சத்தம் தொடங்கியது. கிறீச்... கிறீச்... ஆள் இருந்தால் வில் அமுங்குமே, அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பள்ளம் திட்டியில் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம் கச்சானுக்குள் இறக்கினார். மூன்றாவது வரிசை. அறுபட்ட கோரையின் பச்சை மணம். அதற்குள்ளே... சுருட்டு மணம். பிறகு, எஞ்சின் இரைச்சலையும் மீறி, பிடரிக்குக் கிட்ட ஓர் ஆண்குரல்.

"நிப்பாட்டு."

நிப்பாட்டினார். இருக்கை வெறுமை. வில் மட்டும் மெல்ல மேலே எழும்பியது. அப்போதுதான் யாரோ எழுந்துபோனது போல.

இப்படி ஐந்து நாள். ஒவ்வொரு முறையும் நிப்பாட்டி, இறங்கி, சுற்றிப் பார்த்து... வேலை பாதிகூட ஆகவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் களை போகாவிட்டால் பயிர் மூடிவிடும். ஆறாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பாமல் ஓட்டினார். வரிசை முடியும்வரை அது கூப்பிட்டது. பிறகு ஓய்ந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. வீட்டில் மூச்சு விடவில்லை.

ஆனால் தகடு, வரிசை வளைகிற இடமெல்லாம் கச்சானையும் சேர்த்து அறுத்துப் போட்டிருந்தது. அவருடைய மனிசி றோசலின் அதைக் கண்டுவிட்டாள்.

"நாளைக்கு நான் பின்னுக்கு இருந்து திருப்புறன். இப்பிடியே விட்டா பாதிப் பயிர் போயிடும்."

பெரியப்பா தலையாட்டினார். ஆள் ஏறினால் அது இறங்கிவிடும் என்று உள்ளே ஒரு கணக்கு.

"விழுந்துபோவனோ?" என்று கேட்டாள் அவள்.

"என்னத்துக்கு விழுறாய்? கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு சும்மா இரு."

அடுத்த நாள் ஆணியைக் கழற்றிவிட்டு அவளை ஏற்றினார். ஆறு வரிசை, ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஏழாவது வரிசையில் சுருட்டு மணம் வந்தது.

"நிப்பாட்டுங்கோ!"

றோசலினின் குரல். கால் பிரேக்கில் போய் விழுந்தது. மிதிக்கவில்லை. அது அவளுடைய குரலிலும் கூப்பிடப் பழகிவிட்டது என்று நினைத்தார்.

"ஐயோ, நிப்பாட்டுங்கோ! இஞ்சருங்கோ!"

பல்லைக் கடித்தார்.

"மரியநாயகம்!"

கலியாணம் கட்டி இருபத்தாறு வருஷத்தில் றோசலின் ஒருநாளும் அவருடைய பெயரைச் சொன்னதில்லை. அவருக்கு அதோடு உறுதியாகிவிட்டது. இது அவள் இல்லை. வேகத்தைக் கூட்டினார்.

வரிசை முடிந்து திருப்பும்போதுதான் பார்த்தார். இருக்கையில் யாரும் இல்லை. நடுத் தகட்டில் அவளுடைய சோட்டிச் சட்டையின் துண்டு ஒன்று, மஞ்சள் பூப்போட்டது, ஈரமாகச் சுற்றியிருந்தது.

ஓடினார். வரிசையின் நடுவில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. அவரைப் பார்த்தாள்.

"கேக்கேல்லையோ?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான்.

விடிந்ததும் பொலிஸோடு கிரிசாந்தும் போனான். அந்த வரிசையைத் தலைப்பில் இருந்து நடந்து பார்த்தான். றோசலின் விழுந்த இடம்வரை, பழகாத கை திருப்பியது என்று தெரிந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடி அறுபட்டிருந்தது. அவள் விழுந்த இடத்தில் இருந்து வேலிவரை அறுபது அடி எடுத்து வைத்தான். வரிசை அதற்குள் இரண்டு முறை வளைகிறது.

களை சுத்தமாகப் போயிருந்தது. கச்சானில் ஓர் இலைகூட அறுபடவில்லை.