டாட்டா காட்டி விட்ட மீன்

"எம் பொண்ணு ஏரிக்கரையில என் மானத்த வாங்கிட்டா" என்றார் முன் சீட்டுக்காரர். ஒரகடம் போகும் கம்பெனி பஸ். பக்கத்தில் அதே சீருடையில் இன்னொருவர்.

"இன்னா பண்ணா?"

"ஞாயித்துக்கெழம தூண்டில் போடக் கூட்டினு போனேன். அங்க மீன் புடிக்கிறவரு ஒருத்தரு கிழிஞ்ச வலையோட ஒக்காந்திருந்தாரு. வலை பூரா டேங்க் கிளீனர் மீனு, தொட்டியில பாசி துன்ன வுடுவாங்களே அது, ஒடம்பெல்லாம் முள்ளு. அத யாரும் துன்ன மாட்டாங்க, நல்ல மீனையும் வளர வுடாது. 'எந்தப் பாவி கொண்டாந்து வுட்டானோ'ன்னு திட்டினாரு. நானும் சேந்து திட்டினேன்."

"சரி."

"பாப்பா சொல்லுது, 'அப்பா, நம்ம வூட்டுத் தொட்டியில இந்த மீனு பெருசாயிடுச்சுன்னு நீதான இங்க கொண்டாந்து வுட்ட? நான்கூட டாட்டா காட்டினேனே!'"

பக்கத்துக்காரர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "அவரு இன்னா பண்ணாரு?"

"வலையில ரெண்டே ரெண்டு கெண்டைதான் தேறிச்சு. அத எடுத்து பாப்பா கையில குடுத்துட்டாரு."

"வாங்கிக்கினியா?"

"அவ வாங்கிக்கினா. வூட்ல கொழம்பு வெச்சாங்க. பாப்பா கேட்டுக் கேட்டு சாப்ட்டா. நான் மீனத் தொடாம ரசம் ஊத்திக்கினேன்."