பாடு எப்படி என்று கேட்ட கடற்கரை

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மேடைக்கு ஏற்றவாறு நான் உடுத்தி வந்திருக்கும் இந்த வேட்டி, கட்டிய வேட்டி அல்ல, ஒட்டிய வேட்டி. ஆகவே பொன்னாடை போர்த்த வருகிறவர்கள் தோளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடுப்புப் பக்கம் யாரும் அன்பு காட்ட வேண்டாம்.

கொண்டலின் எட்டாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியபட்டினத்துப் பெருமகனார், என்ஜின் ஆயில் கடை அப்துல் அஜீஸ் பாய் அவர்களே! எங்கள் கொண்டல் பண்பலையைப் பெற்றெடுத்து, அன்றிலிருந்து தூக்கம் தொலைத்த உரிமையாளர், கடலாடி யோகேஸ்வரன் அண்ணன் அவர்களே! கடலோடும் பெரியோர்களே! மீன்கூடையை மேடைக்கு முன்னாலேயே இறக்கிவைத்து, வாசத்தோடு வாழ்த்த வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் கொண்டலுக்கு விளம்பரம் பிடிக்கும் ஆன்டனி ராஜின் வணக்கம்! மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று என்னை ஏசுகிறார்கள். தவறு. ஒதுங்க நான் தயாராகத்தான் இருந்தேன். நம் மாவட்டத்தில் மழைதான் வரவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன்னால், நம் மண்டபம் ஊரில், அதோ தெரிகிற ஐஸ் கம்பெனி மாடியில் பிறந்தது கொண்டல். பாட்டுப் போட்டது. பகலெல்லாம் போட்டது. பாடிப் பாடித் தொண்டை வறண்டது. ஆனால் கேட்டது யார்? இந்தக் கரையில் வானொலியைத் திருகினால், அக்கரை இலங்கை நிலையங்கள் அல்லவா கணீரென்று வந்து அமர்ந்துகொள்ளும்! கடல் தாண்டி வரும் குரலுக்குக் களைப்பே இல்லை. கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் நம் கொண்டலுக்கு மூச்சு வாங்கும். விளம்பரம் கேட்டு நான் போனால், கடைக்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். காலை பத்து மணிக்கே மதியச் சாப்பாடு!

ஒருநாள் யோகேஸ்வரன் அண்ணன் எங்களைக் கூப்பிட்டார். "பொங்கல் வரைக்கும் பாப்போம்ப்பா. அதுக்குள்ள கேக்க ஆளு வரலேன்னா பூட்டிட்டு, நான் மிளகாய் யாவாரத்துக்கே போறேன்" என்றார்.

பூட்டினால் யாருக்கு இழப்பு? எனக்கா? நான் மாடியிலிருந்து இறங்கி ஐஸ் பெட்டி தூக்கியிருப்பேன். இழப்பு தங்கை ஜெயப்பிரியாவுக்கு! எங்கள் ஒரே அறிவிப்பாளர். பரமக்குடியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். பேசுவதற்கென்றே பிறந்தவள். பேச வேறு இடம் இல்லாதவள்.

அந்த வாரம்தான் நேரலையில் ஓர் அழைப்பு. அழைத்தவர் பாம்பனில் மீன் விற்கும் செபஸ்தியம்மாள் அக்கா. இதோ முன்வரிசையில் முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கிறாரே, அவரேதான்.

"ஏம்மா, பாம்பன் செபஸ்தியம்மா பேசுறேன். அங்கன மண்டபத்துல இன்னைக்குப் பாடு எப்படி?"

"பாடவாக்கா? நானா?"

"நீயோ, யாரோ! பாடு எப்படின்னு வெரசா சொல்லு, பஸ் வந்துரும்."

கடற்கரையில் பாடு என்றால் வலையில் விழுந்த மீன். தறி ஓடும் ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு அது தெரியுமா? வானொலி நிலையத்தைக் கூப்பிட்டுப் பாடு என்றால், பாடச் சொல்வதாகத்தானே நினைப்பாள்? கனைத்தாள். பாடினாள். அன்பர்களே, பாடியே விட்டாள்! எண்ணெய் காணாத தறி எந்தச் சுருதியில் ஓடுமோ, அந்தச் சுருதியில் ஒரு தாலாட்டு!

"அடி ஆத்தீ! நிறுத்துடி தாயே! நான் மீன்பாட்டக் கேட்டா நீ பாட்டுப் பாடுற! இதக் கேட்டா கரைக்கு வந்த நண்டும் திரும்பிப் போயிரும்!"

சிரித்தது கடற்கரை. மறுநாள் தொலைபேசி ஓயவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து "பாடு எப்படி?" பெரியபட்டினத்திலிருந்து "பாடு எப்படி?" அத்தனையும் கேலி! வேறொருத்தி என்றால் அழுதுகொண்டே பரமக்குடி பஸ் பிடித்திருப்பாள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "கேலி பண்ணணும்னாலும் நம்மளத்தானண்ணே கேக்கணும்? வாங்க, கேட்டதுக்குப் பதிலச் சொல்லிருவோம்."

என் வண்டியில் கரைக்குப் போனோம். எந்தத் துறையில் சூடை மீன், எந்தத் துறையில் நண்டு, எங்கே வெறும் வலை என்று விசாரித்து வந்தோம். இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு பாடு சொன்னாள். அக்கரை நிலையம் ஆயிரம் பாட்டுப் போடும். நம் கரையின் பாட்டைச் சொல்லுமா? வலைக்கடை விளம்பரம் வந்தது. ஐஸ் கம்பெனி விளம்பரம் வந்தது. அஜீஸ் பாய் கடை விளம்பரமும் வந்தது. என்னைக் கண்டால் சாப்பிடப் போனவர்கள், என்னைச் சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள்! பொங்கல் வந்தது, பூட்டு வரவில்லை. பின்வரிசை உக்கிரபாண்டி அண்ணே, விசில் போதும். பல்செட்டு பத்திரம்.

மீன் சேதி மட்டுமா அது? காற்று முற்றிய ஒரு காலையில், பாட்டைப் பாதியில் நிறுத்தி, "இன்னும் ரெண்டு படகு கரை சேரலை" என்று அவள் தணிந்த குரலில் சொன்னபோது, அடுப்பை அணைத்துவிட்டு வானொலிக்கு முன்னால் உட்கார்ந்தோமே! இரண்டும் சேர்ந்தன என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்ததே! பாடு என்றால் பாட்டு. பாடு என்றால் மீன். பாடு என்றால் நாம் படுகிற பாடு. மூன்றையும் ஒரே வாயால் சொன்னவள் எங்கள் ஜெயப்பிரியா!

அவள் பாடு சொல்லும் அந்தக் காலை நிகழ்ச்சியை அடுத்த மாதம் முதல் சென்னையில் பேசிப் பதிந்து அனுப்புவார்களாம். இங்கே கணினி ஒலிக்குமாம். ஆள் வேண்டாமாம். யோகேஸ்வரன் அண்ணே, உங்களைத்தான் கேட்கிறேன்: செபஸ்தியம்மாள் அக்கா பாடு எப்படி என்று கேட்டால், சென்னைக்காரர் என்ன செய்வார்? அவரும் பாடுவார். நன்றாகவே பாடிவிடுவார். அதுதான் ஆபத்து! இந்தக் கரைக்குச் சுருதி வேண்டுமா, சேதி வேண்டுமா? குரல் வேண்டுமா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் ஆள் வேண்டுமா? சொல்லுங்கள் தாய்மார்களே!

அண்ணன் எழுந்துவிட்டார். என்ன சொல்கிறார்?

"சரிப்பா, சரி! காலை நிகழ்ச்சி இங்கனயே நடக்கட்டும், ஜெயப்பிரியாவே பேசட்டும். நீ மொதல்ல மைக்க விடு!"

கேட்டீர்களா! இது நம் பண்பலையில் நேரலை! இனி இந்த வாக்கை மாற்ற முடியுமா? கரையெங்கும் சாட்சி! கடலில் நிற்கும் படகெல்லாம் சாட்சி!

ஒரு நிமிடம். ஜெயப்பிரியா காதில் ஏதோ சொல்கிறாள்.

ஒரு சிறு அறிவிப்பு. பொத்தானை அழுத்த வேண்டியவரும் விழாவுக்கு வந்துவிட்டதால், என் பேச்சு எங்கும் ஒலிபரப்பாகவில்லை. மாலை முதல் இடுப்புவலித் தைலத்தின் விளம்பரம் மட்டும் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது. பாம்பன் வரை தெளிவாகக் கேட்கிறதாம்.

கேட்ட உங்களுக்கு நன்றி. கேட்காத கடலுக்கும் வணக்கம்.